புத்தகத்தில் வந்த பெடியன் தொலைக்காட்சியில் வரவில்லை

1

இன்று காலை தேநீருக்குப் பால் எடுக்கப் போனால் பால் பெட்டியில் ஒரு பிணம் கிடக்கிறது. படம்தான். பிணத்தைச் சுற்றி முழித்துக்கொண்டு நாலு பேர், நடுவில் ஒரு பொலிஸ்காரர், அவருக்குக் கீழே "கொலை செய்தவர் யார்?" என்று கேள்வி. விடையைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள். பால் இருக்கும்போது பெட்டியைக் கவிழ்த்து விடை பார்க்கக்கூடாது என்பதைப் போன வருடம் குசினி முழுவதையும் துடைத்துப் படித்துக்கொண்டேன்.

பால் பெட்டியில் பிணம் வந்தால் நோர்வேயில் உயிர்த்த ஞாயிறு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் நான் பகிடி விடுவதாக நினைக்கக்கூடாது. இது இந்த நாட்டு வழக்கம். அந்த ஞாயிறுக்கு முந்திய பெரிய கிழமை வந்ததும் கடைகண்ணி எல்லாம் பூட்டிவிடும். சனங்கள் தோடம்பழமும் சொக்லேற்றும் ஒரு கொலைக்கதைப் புத்தகமும் கட்டிக்கொண்டு பனிமலைக் குடில்களுக்குப் போய்விடுவார்கள். போகாதவர்களுக்குத் தொலைக்காட்சி ஒவ்வொரு இரவும் ஒரு கொலைத் தொடரைப் பகுதி பகுதியாகக் காட்டும். ஏன் இந்த நாட்களில் கொலை என்று பலரைக் கேட்டிருக்கிறேன். "எப்போதும் அப்படித்தானே" என்கிறார்கள்.

நான் ஊர்காவற்றுறை வேதக்காரன். பெரிய கிழமையில் எங்களுக்குத் தெரிந்த கொலை ஒன்றே ஒன்றுதான். காட்டிக் கொடுத்தவன் யார், கை கழுவியவன் யார், ஆணி அடித்தவன் யார் என்று எல்லாம் முதலே தெரிந்த வழக்கு. தெரிந்துகொண்டே வருடா வருடம் கோயிலில் குந்தியிருந்து வியாகுலப் பிரசங்கம் கேட்போம். யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடுகிற இடத்தில் அழுவோம். முடிவு தெரிந்துவிட்டதே, இனி என்ன அழுகை என்று ஒருவரும் எழும்பிப் போனதில்லை.

இப்படிப்பட்டவன் இந்த வடக்குக் கரையில் மீன் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வருடம், பெரிய புதன்கிழமை, வெட்டும் மேசையில் எனக்கு எதிரே நின்ற வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே ஒரு பொதியைத் தந்தாள். பிரித்தால் உள்ளே ஒரு சொக்லேற் முட்டை, ஒரு புத்தகம். அட்டையில் இரத்தம் வடிகிற கத்தி. எங்கள் இரண்டு பேர் கையிலும் அந்த நேரம் அதே மாதிரிக் கத்தி இருந்தது. இவளுடைய பெட்டி மீனை நான் தவறுதலாக என் பக்கம் இழுத்துவிட்டேனோ, அதற்குத்தான் இந்த எச்சரிக்கையோ என்று அன்று முழுவதும் யோசித்தேன். பின்னேரம் புத்தகத்தை மனைவியிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டுச் சண்டை அன்றைக்குத்தான் தொடங்கியது.

2

என் மனைவி யசிந்தா எங்கள் தீவிலேயே சாட்டி ஊர்க்காரி. இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. மொழி வகுப்பில் அவளுக்குக் கற்றுக் கொடுத்த நோர்வேஜிய மொழி, பசு நிற்கிறது, ரயில் வருகிறது என்ற அளவில் நின்றிருந்தது. முதியோர் இல்லத்தில் பசுவும் இல்லை, ரயிலும் இல்லை. அங்கிருந்த கிழவிகள் கதைத்ததெல்லாம் கொலை. அவர்களோடு கதைக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கத்தி அட்டைப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தாள். பிறகு நூலகத்தில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். மொழி வந்துவிட்டது. ஆனால் வந்த மொழி முழுவதும் பொலிஸ் மொழி.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. மகள் செவ்வாய்க்கிழமை வீட்டுப்பாடம் கொண்டுவரவில்லை என்றார் ஆசிரியை. யசிந்தா முன்னுக்குச் சாய்ந்து, "செவ்வாய் மாலை அவள் எங்கே இருந்தாள் என்பதற்கு என்னிடம் சாட்சி உண்டு" என்றாள். ஆசிரியை பேனையைக் கீழே வைத்துவிட்டார். வதிவிட அனுமதி புதுப்பிக்கிற அலுவலகத்தில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அதிகாரி மரியாதைக்குக் கேட்டார். யசிந்தாவும் மரியாதையாக, "என் வழக்கறிஞர் வரும்வரை நான் வாய் திறக்க மாட்டேன்" என்றாள். அப்படிச் சொல்வதுதான் இங்கே நாகரிகம் என்று நினைத்திருந்தாளாம். அந்த முறை எங்கள் அனுமதி வந்துசேர ஒரு பனிக்காலம் முழுவதும் எடுத்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்கிறேன். அவள் ஆதாரம் கேட்கிறாள்.

என்னுடைய நோர்வேஜிய மொழி தொலைக்காட்சியில் படித்தது. அதனால் சின்னச் சின்ன வசனங்களாகத்தான் வரும். ஒருநாள் தொழிற்சாலையில் பாரந்தூக்கி வாகனம் பின்பக்கமாக வர, புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அதைக் கவனிக்காமல் நின்றான். "அசையாதே! கைகளைத் தூக்கு!" என்று கத்தினேன். கைகளைத் தூக்கிக்கொண்டு அப்படியே விறைத்து நின்றான். வாகனம் அவனுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. அவன் இன்றைக்கும் என்னைக் கண்டால் கைகளைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வணக்கம் சொல்கிறான்.

ஆக, வீட்டில் அவள் புத்தகக் கட்சி, நான் தொலைக்காட்சிக் கட்சி. அவள் படித்த கதையே பெரிய கிழமையில் தொடராக வந்துவிட்டால் வீடு இரண்டுபடும். "இஞ்சருங்கோ, புத்தகத்தில இந்தாளுக்கு மொட்டை" என்று தொடங்குவாள். "நீர் பேசாமல் பாரும்" என்பேன். "இவளெல்லோ கடைசியில" என்று வாயைத் திறப்பாள். நான் காதைப் பொத்துவேன்.

3

போன வருடம் வந்த தொடர்தான் எல்லாவற்றையும் குழப்பியது. கதை நாங்கள் இங்கே இருக்கும் ஊரைப் போன்ற ஒரு வடகரை மீன்பிடி ஊரில் நடக்கிறது. இங்கே தொர்ஸ்க் என்ற பெரிய மீனை உப்பும் போடாமல் மரத்தட்டிகளில் வாலில் கட்டித் தொங்கவிட்டுக் குளிர்காற்றில் காயவிடுவார்கள். அப்படிக் காய்கிற ஆயிரக்கணக்கான மீன்களுக்கு நடுவே, ஒரு காலையில், மீன் முதலாளியும் தொங்குகிறார். கொன்றது யார்? மனைவியா, பாதிரியாரா, வைத்தியரா, படகோட்டியா?

இரண்டையும் நேர்மையாக ஒப்பிட்டுச் சொல்கிறேன். புத்தகத்தில் துப்பறிகிறவர் தொந்தியும் வாயுத் தொல்லையும் உள்ள மனிதர். தகரத்தில் அடைத்த மீன் உருண்டையைச் சூடாக்காமலே தின்பார். அவர் யோசிக்கிறார் என்றால் பத்துப் பக்கத்துக்கு மழை பெய்யும். தொலைக்காட்சியில் அவர் ஆறடி உயரம், புது மேலங்கி, நல்ல பல். யோசிக்க வேண்டுமென்றால் யன்னலால் கடலைப் பார்ப்பார். பார்த்து முடிந்ததும் விடை வந்துவிடும். கடலைப் பார்த்தால் விடை வரும் என்றால் எங்கள் ஊரில் எத்தனை பேர் மேதைகளாகியிருக்க வேண்டும்.

புத்தகத்தில் முதலாளி சாக எண்பது பக்கம் ஆகிறது. அதற்குள் அவர் நாய்க்கு என்ன பெயர், மகளோடு ஏன் கோபம் என்று எல்லாம் தெரிந்துவிடும். செத்ததும் யசிந்தா மூக்கைச் சிந்தினாள். தொலைக்காட்சியில் எழுத்து ஓடி முடிவதற்கு முன்பே ஆள் தொங்குகிறார். செத்தவரோடு பழக விடுகிறார்களில்லை. ஆனால் அந்தக் காலை வெளிச்சமும், மீன்கள் காற்றில் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தமும் இருக்கிறதே, அதைப் புத்தகம் நூறு பக்கத்திலும் தராது. இதை யசிந்தாவும் ஒத்துக்கொண்டாள். பிறகு மறுத்துவிட்டாள்.

இவ்வளவும் வழக்கமான சண்டை. புதுச் சண்டை வேறு. புத்தகத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் வருகிறான்.

ஆம், எங்கட ஆள். மீன் வெட்டுகிற இலங்கைப் பெடியன். பெயர் ராஜா சிங் என்று வைத்திருக்கிறார் அந்த எழுத்தாளர். இலங்கைத் தமிழனுக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது என்று கேட்கக்கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி தின்கிறான், அதையும் கேட்கக்கூடாது. முதலாளியின் கைக்கடிகாரம் அவன் பெட்டியில் இருக்கிறது. பொலிஸ் வந்து விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போகிறது. பிறகு வேறு தடயம் கிடைக்க, கதை வைத்தியரின் பின்னால் ஓடிவிடுகிறது.

இந்தப் பெடியனைச் சந்தேகப்படலாமா என்று யசிந்தா புத்தகத்தோடு கோபித்துக்கொண்டு இரண்டு நாள் அதைத் தொடவில்லை. நான் தொலைக்காட்சியில் அவனைத் தேடினேன். காணவில்லை. ஆளையே எடுத்துவிட்டார்கள். வெட்டும் மேசையில் இரண்டு கையுறைக் கைகள் மட்டும் மீன் வெட்டிக்கொண்டிருந்தன. அவை யாருடைய கைகளாகவும் இருக்கலாம். என்னுடையவையாகவும் இருக்கலாம். எனக்கு மனம் நொந்துபோனது. சந்தேகப்படவாவது எங்களை ஒரு ஆளாக எண்ணியிருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

4

இனி என் மகளையும் அக்காவையும் சொல்ல வேண்டும்.

மகள் நிரோ இங்கேயே பிறந்தவள், பதினான்கு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். தொலைபேசியில் ஊரோடு கதைக்கச் சொன்னால் அவளிடம் மூன்றே சொல் இருந்தன: ஓம், இல்லை, சுகம். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என்னிடம் தந்துவிடுவாள். ஒருமுறை அக்கா கேள்வி கேட்பதற்கு முன்பே மூன்றும் முடிந்துவிட்டது.

அக்கா என்றால் என் மூத்தவர், திரேசம்மா. ஊர்காவற்றுறையில் தனியாக இருக்கிறார், தையல் வேலை. துப்பறியும் கதை என்றால் சாப்பாடும் வேண்டாம். எங்கள் தீவுக்கு வந்துசேரும் துப்பறியும் புத்தகங்கள் கொழும்பில் ஒரு கை, யாழ்ப்பாணத்தில் பல கை, பண்ணைப் பாலம் கடந்து தீவுக்குள் இன்னும் பல கை மாறித்தான் அக்காவிடம் வரும். கடைசிப் பக்கங்கள் இருக்கவே இருக்காது. அதனால் கொலைகாரன் யார் என்று அக்கா தானே தீர்ப்புச் சொல்லப் பழகிவிட்டார். பிறகு எப்போதாவது முழுப் புத்தகம் கிடைத்து, அதில் வேறு ஆள் கொலைகாரனாக இருந்தால், புத்தகம் பிழை என்பார்.

நிரோவுக்கும் அக்காவுக்கும் நடுவில் கதைக்க ஒரு விஷயமும் இல்லை என்பதுதான் என் பெரிய கவலை. எனக்குப் பிறகு அந்த வீட்டுக்கு இந்த வீட்டில் இருந்து யார் தொலைபேசி எடுப்பார்கள்? அக்காவும் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "பெட்டைக்கு என்னோட கதைக்க விருப்பமில்லையோ தம்பி?" நான் வகுப்பு, சோதனை, தடிமன் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

5

போன வருடம் யுத்தத்தால் ஊரில் தொலைபேசி இருந்தும் இல்லாத வருடம். பாதை பூட்டு, நேரத்துக்கு ஊரடங்கு, நினைத்தபோது தொடர்பு அறுந்துவிடும். அக்கா குறித்த நேரத்துக்குச் சந்தியில் உள்ள சூசை அண்ணையின் தொலைபேசிக் கடைக்கு வருவார், நான் இங்கிருந்து எடுப்பேன். அக்காவுக்கு ஒரு காது கேட்காது. அதனால் சூசை அண்ணை ஒலிபெருக்கிப் பொத்தானை அமத்திவிடுவார். அக்காவோடு கதைப்பது என்றால் கடையோடு கதைப்பதுதான்.

பெரிய வெள்ளிக்கிழமை எடுத்தேன். முதல் நாள் இரவு தொடரின் முதற்பகுதி பார்த்திருந்தேன். அந்த உற்சாகத்தில், "அக்கா, இஞ்ச ஒரு கொலை" என்று தொடங்கிவிட்டேன்.

"விசரே உனக்கு? பெரிய வெள்ளியில கொலைக்கதையோ? எங்களுக்கு ஒண்டு போதும். நாளைக்கு எடு."

சனிக்கிழமை எடுத்தேன். அக்கா முதல் கேள்வியே, "ஆர் செத்தது?"

நான் தொலைக்காட்சியில் பார்த்தபடி சொன்னேன். மீன் காயப்போட்ட இடத்தில் முதலாளி தொங்குகிறார் என்றேன்.

"கருவாட்டுப் பந்தலிலையோ? கருவாட்டை ஆர் எடுத்தது பிறகு?" இது சூசை அண்ணையின் குரல்.

வைத்தியரும் வந்து பார்த்தார் என்று சொல்லிக்கொண்டு போனேன். "வைத்தியன்தான்" என்றார் அக்கா. "முதலாளி செத்ததுக்கு முதல் ஆளா ஓடி வந்தவன் அவன்தானே. எழுதி வை."

வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த யசிந்தா சப்பாத்தைப் போட்டபடியே தொலைபேசியைப் பார்த்துக் கத்தினாள்: "மச்சாள், இவர் பெடியனை விட்டிட்டார்! புத்தகத்தில எங்கட பெடியன் ஒருத்தன் வாறான். அவனைப் பொலிஸ் கொண்டு போகுது."

"ரீவியில அப்பிடி ஒருத்தன் இல்லை அக்கா" என்றேன்.

மறுபக்கம் யாரோ கதிரையைத் தொலைபேசிக்குக் கிட்ட இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அக்கா கேட்டார்: "எங்கட பெடியனோ? என்னத்துக்குக் கொண்டு போனவங்கள்?"

யசிந்தா கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அந்த நேரம் புத்தகக் கதை முழுதாகத் தெரியாது. அக்கா விடவில்லை. "பார்த்த உனக்குப் பெடியனைத் தெரியாது. படிச்ச உன்ர மனிசி வேலைக்குப் போட்டா. அந்தப் புத்தகத்தைப் படிச்ச ஆள் வேற ஆரும் இருக்கினமோ?"

இருந்தாள். கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அந்தப் புத்தகத்தைப் படிக்கக் கொடுத்திருந்தார்கள். தொலைபேசியை அவளிடம் நீட்டினேன். அவள் வழக்கம்போல "ஓம், இல்லை, சுகம்" என்றாள். அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை.

"பிள்ளை, அந்தப் பெடியனை ஏன் கொண்டு போனவங்கள்?"

நிரோ என்னைப் பார்த்தாள். பிறகு தோடம்பழத்தைக் கீழே வைத்தாள்.

"மாமி, அவர்... அவர் பெட்டிக்குள்ள மணிக்கூடு இருந்தது. செத்த ஆளின்ர மணிக்கூடு. ஆனா அவர் சாக்காட்டேல்லை. ஆரோ வைச்சது. பொலிஸ் அவரை நம்பாத."

"நம்பேல்லை" என்று திருத்தப் போனேன். அக்கா என்னை, "நீ பேசாமல் இரு!" என்று அதட்டினார். "நீ சொல்லு பிள்ளை. மணிக்கூட்டை ஆர் வைச்சது?"

நிரோ சொன்னாள். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள், தொலைபேசியில் கை தெரியாது என்பதை மறந்து. ஆண்பால் பெண்பால் எல்லாம் கலந்தடித்தாள். பாதிரியாரைச் சுவாமி என்று சொல்லத் தெரியாமல் "கோயில் அண்ணா" என்றாள். அங்கே கடையில் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள். நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். கண் கலங்கிவிட்டது. வெங்காயம் கூட வெட்டவில்லை.

6

உயிர்த்த ஞாயிறு எடுத்தபோது கடையில் சனம் கூடியிருந்தது. பூசை முடிந்து நேரே வந்தவர்கள். அவர்கள் ராஜா சிங்குக்கு ராசன் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். சப்பாத்தியைப் புட்டாக்கியிருந்தார்கள். நிரோ தானாகவே தொலைபேசியை எடுத்து, பொலிஸ் நிலையத்தில் ராசனை ஒரு அறையில் இருத்தி வைத்து விசாரித்த கதையைச் சொன்னாள். வெளிச்சத்தைக் கண்ணில் அடித்தார்களா என்று சூசை அண்ணை கேட்டார். இல்லை, கோப்பி கொடுத்தார்கள் என்றாள். கடையில் ஒருவரும் அதை நம்பவில்லை.

அப்போது இன்னொரு பெண்ணின் குரல் வந்தது. மெல்லிய குரல். "பிள்ளை, பிறகு அவனை விட்டவங்களோ?"

"பிலோமினா அக்கா கேக்கிறா" என்றார் என் அக்கா.

நிரோ வாயைத் திறந்தாள். யோசித்தாள். "அது... நான் பார்த்துச் சொல்லுறன்" என்றாள். அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

நிரோ புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பெடியனை விசாரிக்கிற இடம் இருக்கிறது. வைத்தியர்தான் கொலைகாரன் என்று தெரிகிற இடம் இருக்கிறது. பெடியனை விட்டார்களா, வீட்டுக்குப் போனானா என்று ஒரு வரியும் இல்லை. எழுதியவர் அவனை அந்த அறையிலேயே மறந்துவிட்டார்.

"அப்பா, இதில இல்லை" என்றாள்.

"விட்டிருப்பாங்கள்தானே. விட்டவங்கள் எண்டு சொல்லிவிடு."

"இல்லாததைச் சொல்ல ஏலாது" என்றாள் நோர்வேஜிய மொழியில். இந்த நாட்டுப் பள்ளிக்கூடம் பிள்ளைகளை அப்படி வளர்த்துவிட்டது. பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை விடை காட்டினாலும் கண்ணை மூடுகிற பிள்ளைகள்.

திங்கள் இரவு தொடரின் கடைசிப் பகுதி வந்தது. தொலைக்காட்சியில் கொலைகாரன் வைத்தியர் இல்லை, படகோட்டி! படித்தவர்களை ஏமாற்ற மாற்றிவிட்டார்களாம். வேறு வருடமாக இருந்தால் இதை வைத்தே யசிந்தாவோடு கோடை வரைக்கும் சண்டை பிடித்திருப்பேன். அன்றைக்கு யசிந்தா எழும்பித் தொலைக்காட்சியை நிறுத்தினாள், நான் தோடம்பழத் தோல்களைப் பொறுக்கினேன். நிரோ மட்டும், "இவங்கள் பெடியனைக் கொண்டுபோகவும் இல்லை, விடவும் இல்லை" என்றாள்.

பிறகு கிழமைக்கணக்காக ஊரோடு தொடர்பு இல்லை. இணையத்தில் தீவுப் பக்கத்துச் செய்தி என்று ஏதாவது வந்தால் அதில் அக்காவின் பெயரைத் தேடினேன். அக்காவுக்கு ஏதேனும் நடந்திருந்தால் யார் சொல்வார்கள்? நிரோ பள்ளியால் வந்ததும் புத்தகப் பையை இறக்க முதல், "மாமி எடுத்தவவோ?" என்று கேட்கத் தொடங்கினாள். தமிழில்தான் கேட்டாள். அந்தச் சந்தோஷத்தையும் அனுபவிக்க முடியாமல் இருந்தேன்.

7

வைகாசியில் ஒருநாள், மத்தியானம், மணி போய்ச் சூசை அண்ணை எடுத்துவிட்டார். "நிண்டுகொள், நிண்டுகொள்!" என்று கத்திவிட்டு, அக்காவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். நான் சுகம் விசாரிக்க வாயெடுக்க முதல் அக்கா முந்திவிட்டார்.

"எங்கையடா அவள்? ராசனை விட்டவங்களோ?"

"அக்கா, நீங்கள் சுகமோ? அங்க நிலைமை என்னண்டு..."

"நான் சுகம். சுகமில்லாட்டி எப்பிடிக் கடைக்கு வாறது? தம்பி, இஞ்ச கேள். நாங்கள் அந்தப் பெடியனுக்கு அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சிட்டம். செவ்வாய்க்கு செவ்வாய் மெழுகுதிரி கொளுத்திச் செபிக்கிறம். ஒன்பது செவ்வாயும் முடியுது."

"அக்கா, அது கதை!"

"எனக்குத் தெரியாதோ கதையெண்டு? சூசைக்கும் தெரியும். அதைத் தெரிஞ்சுகொண்டு என்ன செய்யிற?" அக்கா குரலைத் தாழ்த்தினார். ஒலிபெருக்கி அதையும் பெரிதாக்கித்தான் தந்தது. "பிலோமினாவின்ர இளையவனைத் தை மாசம் விசாரிக்க எண்டு கூட்டிக்கொண்டு போனது. இன்னும் ஒரு தகவலும் இல்லை. மனிசி சொந்தப் பிள்ளைக்கு மெழுகுதிரி கொளுத்திக் கொளுத்திக் களைச்சுப் போனா. ராசனுக்கெண்டா வாறா. எங்களோட இருந்து செபிக்கிறா. பிறகு வீட்டை போய்ச் சாப்பிடுறா."

துப்பறியும் கதைகளைப் பற்றி எனக்கும் யசிந்தாவுக்கும் எவ்வளவோ கருத்து உண்டு. அவற்றில் ஒன்றும் அந்த நேரம் உதவிக்கு வரவில்லை. தொலைபேசியை நிரோவிடம் கொடுத்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் பக்கத்தில் நின்றாள். புத்தகம் மேசையில் கிடந்தது. அதை ஒருமுறை பார்த்தாள். கையால் மெல்லத் தள்ளி வைத்தாள்.

"மாமி."

"சொல்லு குஞ்சு."

"விட்டவங்கள், மாமி."

கடையில் யாரோ "அந்தோனியாரே" என்றார்கள்.

"பொலிஸ் அவரிட்ட சொறி எண்டு மன்னிப்புக் கேட்டது. அவர் பஸ்ஸில வீட்ட வந்தவர். பனி பெய்தது. அம்மா... அவரின்ர அம்மா கதவு திறந்தவ. அவ ஒண்டும் கேக்கேல்லை. சாப்பாடு குடுத்தவ."

"என்ன சாப்பாடு?" இது சூசை அண்ணை.

நிரோ தடுமாறினாள். எங்கள் வீட்டில் ஞாயிறு ஞாயிறு என்ன சமைக்கிறோமோ அதைச் சொன்னாள். "சோறு. மீன் குழம்பு. முருங்கைக்காய்."

வடதுருவத்துக்குக் கிட்ட முருங்கைக்காய். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. கடையில் எல்லோரும் ஒன்றாகக் கதைக்கத் தொடங்கினார்கள். பனிக்குள் எப்படி வந்தான், சப்பாத்து இருந்ததா, வேலை திரும்பக் கொடுத்தார்களா. நிரோ ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். சப்பாத்து இருந்தது. வேலை கொடுத்தார்கள். கத்தி அட்டைப் புத்தகம் தந்த என் மேசைக்காரிகூட அந்தக் கதைக்குள் வந்து ராசனுக்கு ஒரு சொக்லேற் முட்டை கொடுத்தாள்.

கடைசியில் அந்த மெல்லிய குரல் வந்தது.

"பிள்ளை, வரேக்கை நல்லா மெலிஞ்சு போயிருந்தவனோ?"

நிரோ கண்ணை மூடிக்கொண்டாள். அவனை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்வது போல இருந்தது.

"கொஞ்சம், அன்ரி. கொஞ்சம்தான். இப்ப சரி."

தொலைபேசியை வைத்தபிறகு, இது புத்தகத்தில் இல்லை என்று என்னிடம் நோர்வேஜிய மொழியில் சொன்னாள். தொலைக்காட்சியிலும் இல்லை என்றேன். "ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு வீட்டுப்பாடம் செய்யப் போனாள்.

இப்போது வருடம் ஒன்றாகிறது. பிலோமினா அக்காவின் மகன் இன்னும் வரவில்லை. மெழுகுதிரி செவ்வாய் தவறாமல் எரிகிறது, இம்முறை அவனுடைய பெயருக்கே. தொடர்பு இருக்கிற ஞாயிறுகளில் தொலைபேசியை நிரோதான் எடுக்கிறாள். ராசனுக்கு இப்போது கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். புத்தகம் சொல்லும் வைத்தியரா, தொலைக்காட்சி சொல்லும் படகோட்டியா, முதலாளியைக் கொன்றது யார் என்று ஊர்காவற்றுறையில் இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.